ட்ரோன் இறங்கும் நேரம்

"வீடு வடிவாத்தான் தெரியுதாம். ஆனால் அவர் நான் வெட்டி எறிஞ்சதைத்தான் கேக்கிறார்."

யாழ்ப்பாணம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்த இளம்பெண் தன் தோழியிடம் சொன்னாள். உரும்பிராயில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்டு, கத்தாரில் வேலை செய்யும் கணவன் அவளுக்கு ட்ரோன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"முதல் வீடியோ ஒரே ஆட்டம். தலை சுத்துதெண்டார். பிறகு நல்லாப் பழகி, காத்தில்லாத நேரம் பாத்து எடுத்தன். ஏறிறதையும் இறங்கிறதையும் வெட்டிப்போட்டுத்தான் அனுப்பினன். இணையத்திலை அப்பிடித்தான் சொல்லித் தாறாங்கள்."

"சரிதானே. இறங்கிறதிலை பாக்க என்னடி இருக்கு?"

"இறங்கேக்கை என்ரை முகம் கிட்ட வருமெல்லே."

தோழி திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதை அழிச்சுப்போட்டன். இண்டைக்குப் பின்னேரம் திரும்ப எடுக்கப்போறன். மெல்ல மெல்லத்தான் இறக்குவன்."