முதல் கல்யாணப் படம்

"செத்தவங்களப் படம் எடுக்கறப்ப கை நடுங்காது மச்சான்," என்றார் கேமராவை மடியில் வைத்திருந்தவர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சரில், என் எதிரே அவரும் அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இத்தன வருஷமா சாவு வீட்டுலதான மாமா எடுக்கறீங்க. யாரும் கொற சொன்னதில்லியே."

"அவுங்க எப்பிடிச் சொல்லுவாங்க? இது கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் படத்தப் பாப்பாங்க. எறங்கித் திரும்பிப் போயிடலாம்."

"நானும் உயிரோடதான் இருக்கேன். மொதல்ல என்னை எடுங்க."

பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றது. மைத்துனர் தலையை வாரிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அசையாத," என்றார் அவர், கேமராவைக் கண்ணில் வைத்து. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார்.

"ஏன் மச்சான் பொணமாட்டம் ஒக்காந்திருக்க? சிரி."