இரண்டு குப்பமும் கூடிய நாள்

ஏரியைக் கடக்கும் தோணியில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவள் ஒல்லாந்தர் கோட்டைச் சிறையில் புருஷனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

"வலை போடுற எடத்துக்குச் சண்ட போட்டுக்குற ரெண்டு குப்பத்தையும் ஒண்ணா உக்கார வெக்கணும்னு, எந்தப் பக்கமும் சேராம, எங்க வூட்டுக்காரரு காலமெல்லாம் அலைஞ்சாரு. நேத்து உக்காந்துட்டாங்க."

"நல்லதுதானே, யக்கா."

"அடிமையா கப்பல்ல ஏத்த அடைச்சி வெச்ச சனங்கள வுடுற வரைக்கும் ஒல்லாந்துக்காரனுக்கு மீன் குடுக்கக் கூடாதுன்னு சொன்னவரு அவருதான். மீன் விக்காம குப்பத்துச் சனங்களுக்குப் பசி தாங்கல. ரெண்டு குப்பமும் கூடிப் பேசி, அவரையே கோட்டையில புடிச்சிக் குடுத்துட்டாங்க."

இளையவள் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு இன்னா சொன்னாரு, யக்கா?"

"கூட்டத்துக்கு எல்லாரும் வந்தாங்களான்னு கேட்டாரு. ஒருத்தர் வுடாம வந்தாங்கன்னு சொன்னேன்."