நடுக் காம்பராச் சமாதானம்

சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய லயத்து வரிசையில் நடுக் காம்பரா கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம், சஜீவனி. அப்புத்தளைக் காற்று ஓரக் காம்பராக்களைத்தான் பிடித்து ஆட்டும். எனக்கு ஒரு பக்கம் உன் அப்பா யேசுரத்தினத்தின் அடுப்பு, மறுபக்கம் உன் சித்தப்பா ஜோன்சனின் அடுப்பு. இரண்டு சுவரும் சூடாகவே இருக்கும். நீ வெளிநாட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்குக் குளிர் தெரியவே இல்லை.

சித்தப்பா ஏன் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டாய். சொல்கிறேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேள்.

சண்டை வந்த கதை உனக்குத் தெரியும். கிறிஸ்மஸ் கரோலில் அப்பாதான் ஆர்மோனியம், சித்தப்பா டோலக். அந்த வருடம் டோலக் முன்னால் ஓட, ஆர்மோனியம் மூச்சிரைக்கப் பின்னால் வந்தது. மேல் லயத்து வாசலில் அத்தனை பேர் முன்னால், "ஒனக்கு என்னடா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று அப்பா கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சித்தப்பா டோலக்கைக் கழற்றி றோட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். அவ்வளவுதான் சண்டை.

என் நிலைமையையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போன பெண்களின் குழந்தைகளைப் பார்ப்பேன். பின்னேரம் வந்து கதவைச் சாத்தினால் தட்ட ஆளில்லை. கரோலுக்கு மறுநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டினார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

சமாதானம் பண்ணுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. கோபத்தில் ஒருவர் சொன்னதை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஆறவைத்து, கொஞ்சம் சீனி போட்டுக் கொடுக்க வேண்டும். "அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சித்தப்பா சொன்னால், "தம்பிக்கு இன்னும் மனசு ஆறலங்க" என்று அப்பாவிடம் சொல்வேன். போனில் பேச வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். முகம் பார்க்காமல் பேசினால் வாய் நீளும். அடுத்த கிறிஸ்மஸுக்கு ஆர்மோனியக் கோஷ்டி மேல் லயத்துக்கு, டோலக் கோஷ்டி கீழ் லயத்துக்கு என்று நானே பிரித்துவிட்டேன். வேறு எந்தத் தோட்டத்தில் இரண்டு கரோல் கோஷ்டி இருக்கிறது, சொல். கீழ் லயத்தில் வேலித் தகராறு கத்திக்குத்தில் முடிந்தது. நம் பக்கத்தில் ஒரு சட்டிகூட நசுங்கவில்லை. "வழக்குன்னா றோசாலியக் கூப்பிடுங்க" என்று தோட்டத் தலைவரே கூட்டத்தில் சொன்னார்.

தட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஈஸ்டருக்கே சித்தப்பா இறங்கி வந்துவிட்டார். ஒரு தட்டு நிறையக் கொக்கிஸ் பலகாரம் கொண்டுவந்து, "அண்ணனுக்குக் குடுங்க அக்கா, நான் குடுத்தேன்னே சொல்லுங்க" என்றார். பெருநாள் தட்டை நம் லயத்தில் யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். வெறுந்தட்டு வந்தால் அந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று அர்த்தம்.

கொக்கிஸை நான் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. பிறகு தட்டைக் கழுவித் துடைத்து, வெறுந்தட்டாகச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு அப்பா தம்பிக்கென்று என் கையில் கேக் கொடுத்து அனுப்பினார். அந்தத் தட்டும் அப்படித்தான் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு எல்லாப் பெருநாளுக்கும் இரண்டு வீட்டிலும் முதல் துண்டு எனக்குத்தான்.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தினமும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தது நான்தான், அதை நீ மறக்கக் கூடாது. "றோசாலி, தம்பிய ஒருக்கா வரச் சொல்லு. நான் அன்னைக்குச் சிரிப்புக்குத்தான் சொன்னேன்" என்றார். சித்தப்பாவும் இங்கே என் வாசலிலேயே நின்றார். "போய்ப் பாத்துட்டு வரவா அக்கா?" என்று கேட்டார். "இப்ப வேணாம் தம்பி, ஒங்க பேர எடுத்தாலே அவருக்கு மூச்சு வாங்குது" என்றேன்.

அப்படியும் ஒரு நாள் சித்தப்பா வந்துவிட்டார். நோயாளர் பார்க்கும் நேரத்தில், ஒரு பை பேரிக்காயோடு கேற்றடியில் நின்றார். நல்லவேளையாக நான் முதலில் கண்டேன். "அண்ணன் நல்லா இருக்கணும்னா திரும்பிப் போங்க" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். அழுதுகொண்டே போனார், பாவம். மேலே அப்பா முகம் மழித்து, தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பஸ் இல்லையாம், நாளைக்கு வருவாரு" என்றேன். மறுநாள் காலையில் அப்பா கண்ணை மூடிவிட்டார். பேரிக்காயை வார்டில் பகிர்ந்து கொடுத்தேன், எல்லோரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள்.

நீ நினைப்பது சரிதான். அண்ணனும் தம்பியும் ஐந்து நிமிடம் சேர்ந்து இருந்திருந்தால் தட்டுக் கதை வெளியே வந்திருக்கும். அவர்களுடைய சண்டை அந்த முதல் ஈஸ்டரோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது முழுக்க நான் வைத்திருந்தது. அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே செத்தது என்னால்தான். ஆனாலும் அவர் தம்பி வருவான் என்ற நம்பிக்கையோடு போனார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்ததும் நான்தானே.

எங்கே எழும்புகிறாய்? சித்தப்பாவிடமா? காலையில்தான் "என் வாசல்ல கால் வைக்காதீங்க" என்று அவரை விரட்டினாய். உனக்கென்று மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். முகமெல்லாம் சிவந்திருக்கிறது. இப்படிப் போனால் நீ ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, பிறகு ஒட்டவே ஒட்டாது. இப்படி உட்கார். என்ன சொல்ல வேண்டுமோ என்னிடம் சொல். நான் போய் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.