ராட்டினத்தை நிறுத்த விடாமல் தடுத்தது தொடர்பாக

இத்தாளின் மேற்புறத்தில் எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது முப்பத்து நான்கு. அந்த முகவரியில் இரண்டாம் மாடியில் கணவர், மாமியார், மகள் ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். பாலம், கிரேன், கொதிகலன் போன்றவை பாரத்தைத் தாங்குமா என்று கட்டுவதற்கு முன்பே கணினியில் கணக்குப் போட்டுச் சொல்லும் அலுவலகம் ஒன்றில் பொறியாளராக வேலை பார்க்கிறேன். பூங்காவில் ராட்டினம் ஓட்டுபவரை நான் தள்ளிக் கீழே விழவைத்ததாகவும், வேலையாட்களை மிரட்டி ராட்டினத்தில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றியதாகவும் கொடுக்கப்பட்ட புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. தள்ளியது உண்மை. மூட்டை ஏற்றியதும் உண்மை. மிரட்டவில்லை, கத்தினேன்.

என் மாமியார் ஒரு தையல் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர். புதிய ராட்டினம் இன்றுதான் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதால், தொழிற்கூடத்துப் பெண்கள் எல்லோரும் அதில் முதல் ஆளாக ஏறப்போவதாகச் சொல்லிக் காலையில் அவர் கிளம்பினார். அதன் பிறகு நான் அலுவலகம் சென்றேன். ராட்டினத்தின் கணக்கைச் சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தின் வேறொரு பிரிவினர் போட்டிருந்தார்கள். நுழைவாயிலில் வைப்பதற்கு அந்தக் கணக்கிலிருந்து அழகான வண்ணப்படம் ஒன்று வேண்டும் என்று பூங்கா மேலாளர் கேட்டிருந்தார். அதை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

காவல் உதவி ஆய்வாளர் கேட்டதால் விளக்குகிறேன். ராட்டினத்தின் இரும்பைக் கணினியில் லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, பாரம் ஏறும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சிரமப்படுகிறது என்று கணக்கிடுவோம். சிரமம் குறைந்த இடம் நீலமாகவும் கூடிய இடம் சிவப்பாகவும் தெரியும். எல்லாவற்றிலும் கூடிய இடத்தில் கணினியே ஒரு கொடியைக் குத்திக் காட்டும். அந்தக் கொடியைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்போம்.

இந்தப் படத்தில் கொடி ஒரு தூணின் அடியில் இருந்த கூர்மையான மூலையில் நின்றது. அது பொய்க் கொடி. உண்மையான தூணில் அந்த மூலை வளைவாக இருக்கிறது, படத்தில் கூராக வரைந்துவிட்டதால் அங்கே எண் கன்னாபின்னாவென்று ஏறுகிறது. இதை முந்தைய பிரிவினரும் சரியாகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஒரு பொய்ச் சிவப்பின் பக்கத்தில் ராட்டினம் முழுவதும் ஒரே நீலமாகத் தெரிந்ததால் படம் பார்க்கச் சகிக்கவில்லை. எனவே படம் அழகாக வரட்டும் என்று அந்த மூலையை மட்டும் மறைத்துவிட்டு, மிச்சத்தில் எது கூடியது என்று காட்டச் சொன்னேன். வண்ணங்கள் மாறின. அதன் பிறகு, கடைசிக் கட்டத்தில் மட்டும் தேடாமல், ஆட்கள் உட்காரும் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பும் எல்லாக் கட்டங்களிலும் தேடச் சொன்னேன். எல்லாப் பெட்டியும் நிரம்பிய கடைசிக் கட்டம்தான் பாரம் கூடியது என்பதால் இதுவரை யாரும் அதைத் தாண்டிப் பார்க்கவில்லை.

கொடி தாவியது. மோட்டாரையும் பிரேக்கையும் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கியில், வெல்டிங் செய்து பற்றவைத்த ஓரத்தில் போய் நின்றது. கட்டமும் கடைசிக் கட்டம் இல்லை, நடுக்கட்டம். எட்டுப் பெட்டியில் ஆள், எட்டுப் பெட்டி காலி.

எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம், உண்மையைச் சொல்வதானால், குஷியாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாத இடத்தில் கை வைத்துவிட்டோம் என்று தோன்றும்போது இப்படித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் நிரம்பினால் ராட்டினம் தராசு மாதிரி சமமாக நிற்கும், தாங்கிக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் நிரம்பினால் அந்தப் பக்கம் கீழே இழுக்கும், மொத்த இழுப்பையும் தாங்கி ஒருவனே பிடிக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் எதிரெதிர்ப் பெட்டிகளில் ஜோடி ஜோடியாக எடை வைத்திருந்ததால் அப்போதும் இது வெளிப்படவில்லை.

ஆனாலும் இதுவும் பொய்க் கொடியாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அந்த இடத்தை மட்டும் இன்னும் சின்னத் துண்டுகளாக வெட்டித் திரும்பக் கணக்குப் போட வேண்டும். பொய்யாக இருந்தால் வெட்ட வெட்ட எண் ஏறிக்கொண்டே போகும். நிஜமாக இருந்தால் ஓரிடத்தில் நின்றுவிடும். வெட்டினேன், கொஞ்சம் ஏறியது. மேலும் வெட்டினேன், துளி ஏறியது. மூன்றாவது முறை அசையவில்லை. இரும்பு தாங்கும் அளவுக்கு மேலே போய் நின்றுவிட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்து “நிஜம்! நிஜம்!” என்று கத்தியதாக என் பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். ஓரிடத்தில் உட்காராதவர் என்பதால் அவரைப் பம்பரம் என்று கூப்பிடுவோம்.

எங்கள் அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேல் அந்த ராட்டினம் தெரியும். பம்பரம் சன்னலோரம் போய் நின்றவர் திரும்பாமலேயே சொன்னார்: “அக்கா, ராட்டினத்துல ஒரு பாதி மட்டும் மஞ்சளா இருக்கு.”

தையல் தொழிற்கூடத்துப் பெண்கள் மஞ்சள் தொப்பி அணிந்து போயிருந்தார்கள். மீதிப் பெட்டிகளை வரப்போகும் விருந்தினர்களுக்காக மேலாளர் காலியாக வைத்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு பம்பரத்தின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு, வழியிலேயே எங்கள் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் வேறோர் ஊரில் வேலையாக இருந்தார். தாங்கி, நடுக்கட்டம், எண் நின்றுவிட்டது என்று மூன்றே விஷயம் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ராட்டினத்தை உடனே நிறுத்தச் சொல்லப் போகிறேன் என்று நான் சொன்னதும்தான் குரலை உயர்த்தினார்.

“நிறுத்தச் சொல்லாதம்மா! கணக்குல பிரேக் மெதுவாப் பிடிக்கிற மாதிரிதான் குடுத்திருக்கோம். சட்டுனு பிடிச்சா உதறல் மொத்தமும் அந்தத் தாங்கி மேலதான் வரும். சுத்தட்டும். காலிப் பக்கத்துல பாரத்தை ஏத்து.”

பைக் ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. நான் அவர் சொன்னதைப் பம்பரத்தின் காதில் திரும்பக் கத்தினேன். ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை.

பூங்காவுக்குள் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்துத்தான் போனேன், சீட்டு வாங்கவில்லை. ராட்டினம் மிக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஆள் ஏறுவதற்காக நிற்காமல், நடக்கும் வேகத்துக்கும் குறைவாகச் சுற்றியபடியே இருக்கும் வகை. நான் மேடை ஏறும்போது தாங்கியிலிருந்து “டக்” என்று ஒரு சத்தம் வந்தது. ஓட்டுபவருக்கும் அது கேட்டிருக்கிறது. அவர் முகம் மாறியது. எந்த ஓட்டுநரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். பேச நேரமில்லை. நான் என் தோளால் அவரை இடித்துத் தள்ளினேன். அவர் விழுந்து மணிக்கட்டு பிசகியது.

“யாரும்மா நீ? சத்தம் வருது, நிறுத்தணும்!”

“நிறுத்துனா உடையும்ணா! சத்தியமா உடையும்! சுத்தட்டும், அப்படியே சுத்தட்டும்!”

அதற்குள் மேலாளர் ஓடி வந்தார். தலைமைப் பொறியாளரை ஒலிபெருக்கியில் போட்டு போனை அவரிடம் நீட்டினேன். கேட்டு முடித்த மேலாளர், பாரம்தானே வேண்டும், வரிசையில் நிற்பவர்களை ஏற்றிவிடலாமே என்றார். இன்னோர் ஆள்கூட ஏறக் கூடாது என்று அவரிடம் கத்தினேன். பக்கத்தில் நடைபாதை போடுவதற்காகச் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பம்பரம் அவற்றைப் பார்த்தார், நான் பம்பரத்தைப் பார்த்தேன். மூட்டைகளைத் தூக்கிவரச் சொல்லி வேலையாட்களிடம் கத்தினேன்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நடைபாதை வேலையாட்கள், பலூன் விற்பவர், வரிசையில் நின்ற ஒரு புது மாப்பிள்ளை, அவருடைய மாமனார் என்று எல்லோரும் சங்கிலியாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். காலிப் பெட்டி மேடையருகே வந்ததும் கதவைத் திறந்து, அது நகர்ந்து போவதற்குள் மூட்டைகளைத் தூக்கிப் போட்டு, கதவைச் சாத்த வேண்டும். ராட்டினம் ஓட்டுபவர் எழுந்து, வலிக்கும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்ற கையால் வேகத்தை ஆகக் குறைத்துப் பிடித்தார். “அடுத்தது வருது! தயாரா இருங்க!” என்று எங்களுக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். நடுவில் இன்னொரு “டக்” வந்தது. மூட்டைகள் இன்னும் வேகமாக வந்தன.

காலியாயிருந்த எட்டாவது பெட்டியும் நிரம்பிய பிறகு அந்தச் சத்தம் வரவே இல்லை. மேலேயிருந்த பெண்கள் எதுவும் தெரியாமல் எங்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மஞ்சள் தொப்பிப் பெட்டிகள் கீழே வரத் தொடங்கின. ஒவ்வொரு பெட்டியிலும் ஆளை இறக்கி, அதே எடைக்கு மூட்டையை ஏற்றினோம். எந்தப் பக்கமும் இலேசாகிவிடக் கூடாது. பெண்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள், எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். தன் ஆட்களை எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறியவர் என்பதால் என் மாமியார் கடைசிப் பெட்டியில் வந்தார். இறங்கியவர் என் தலையிலிருந்து கால் வரை படிந்திருந்த சிமெண்டைப் பார்த்துவிட்டு, “ஏன்டி, எங்களை எறக்கிட்டு மூட்டைக்கா ராட்டினம் சுத்திக் காட்டுற?” என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவருடைய சேலை வீணாயிற்று.

ஆளே இல்லாமல் சிமெண்டை மட்டும் சுமந்துகொண்டு ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் பிறகு தலைமைப் பொறியாளர் போனில் சொல்லச் சொல்ல, ஓட்டுபவர் பிரேக்கைப் பிடித்தும் பிடிக்காமலும் மெல்ல மெல்ல நிறுத்தினார். மோட்டாரை அணைத்துவிட்டு நானும் அவரும் ஏணி வைத்துத் தாங்கியருகே போனோம். அவர் விளக்கைப் பிடித்தார். கணினியில் கொடி நின்ற இடத்தில் நான் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன். பற்றவைத்த ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. என் நகம் அதற்குள் போயிற்று. அங்கேயேதான், துளிகூட விலகாமல் அங்கேயேதான்! நான் ஏணியில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தேன், எனக்கு வெட்கமாக இல்லை. ஓட்டுபவர் சிரிக்கவில்லை. “நான் மட்டும் அமுக்கியிருந்தேன்னா...” என்று தொடங்கி, முடிக்காமல் இறங்கிப் போய் மேடையில் உட்கார்ந்துவிட்டார். வெடிப்பின் படங்கள் பம்பரத்தின் போனில் உள்ளன. அவற்றையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கணக்கில் உங்களுக்கு அவ்வளவு நிச்சயம் இருந்ததா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எண்ணில் நிச்சயம் இருந்தது. இரும்பு எந்தச் சுற்றில் முறியும் என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது.

ராட்டினம் ஓட்டுபவர் இப்போது வெளியே பெஞ்சில் கையில் கட்டுடன் உட்கார்ந்திருப்பதாகவும், தன் பெயரில் பூங்கா நிர்வாகம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்வதாகவும் தெரிவிக்கப்பட்டது. அது அவருடைய பெருந்தன்மை. ஆனாலும் நான் அவரைத் தள்ளிய வரியை இந்த வாக்குமூலத்திலிருந்து நீக்க வேண்டாம். அவருக்கு அடிபட்டது, அடித்தது நான். அந்த இடத்தில் மறுபடி நிற்க நேர்ந்தாலும் தள்ளுவேன். அவர் பக்கத்தில் இப்போது என் மாமியார் உட்கார்ந்து அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் பதிந்துகொள்ளவும்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டன. எழுதியதை நானே ஒருமுறை வாசித்தேன். “மிரட்டினேன்” என்று இருந்த ஓரிடத்தை “கத்தினேன்” என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. மற்றவை நடந்தது நடந்தபடியே உள்ளன. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம். சிமெண்ட் படிந்த கைரேகை தாளின் ஓரத்தில் உள்ளது; அது இவருடையதே.)