பெட்டிக்காரரின் பச்சை நோட்டு

இந்த இரங்கல் கூட்டத்து மேடையில் இருக்கிற பெரியவர்களே, மாப்பிள்ளையோடு ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர்களே, தொழிற்சாலைகளிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிற தம்பிமார்களே, என் மகளே, பேத்தியே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் மாப்பிள்ளையின் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஏன் தனியாக என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என் மாப்பிள்ளையை ஆலோசகர் ஐயா என்றார்கள். எங்கள் வீட்டில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். மாதத்தில் இருபது நாள் பெட்டியும் கையுமாகத்தான் இருப்பார். என் மகளைப் பெண் கேட்டு வந்தபோது என்ன வேலை என்று கேட்டேன். தொழிற்சாலைகளுக்கு யோசனை சொல்வேன் என்றார். சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்களா தொழிற்சாலை நடத்துகிறார்கள் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடுதான் பெண்ணைக் கொடுத்தேன்.

அவர் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா? திங்கள் ஒரு ஊர், புதன் ஒரு ஊர். ஒரே மாதிரி ஓட்டல் அறைகள், ஒரே மாதிரி வெள்ளைப் போர்வை. வீட்டுக்கு வந்தால் விளக்கு சுவிட்சை எதிர்ச்சுவரில் தேடுவார். குளித்துவிட்டுத் துண்டைத் தரையில் போட்டுவிட்டு, ஐயோ இது நம்ம வீடு என்று திரும்ப எடுப்பார். ஓட்டல் சோப்பு குட்டி குட்டியாகக் கொண்டுவந்து குவிப்பார். பேத்தி பள்ளியில் பரிசு வாங்கிய ஆறு தடவையில் ஐந்து தடவை கைதட்டியது போனில்தான்.

சுகமே இல்லையா என்றால், இருந்தது. பதினான்கு ஊர்களில் இவர் முகத்தைப் பார்த்ததும் டீ சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் சின்னப் பிள்ளை மாதிரி போன் போட்டுச் சொல்வார். விமானத்தில் பறந்து பறந்து சேர்த்த பயணப் புள்ளிகளுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கடற்கரைக்கு இலவசப் பயணம் கிடைத்தது. போனோம். நான்கு நாளும் தூங்கினார்.

இப்படிப் போகிற மனுஷனை யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? நான் பட்டேன். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியையும் துணி துவைக்கிற சாக்கில் சோதித்தேன். பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை, சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு அகப்பட்டது. அவர் கையெழுத்துதான். “பெரியக்காவுக்கு மூச்சு வாங்குது. அடிவயிறு உப்பியிருக்கு. இன்னும் ரெண்டு மாசம் தாங்காது. வெளியே யாருக்கும் தெரியாது.”

நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் எதையும் தாண்டிப் போக மாட்டாள். நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் ஒரே அர்த்தம்தான் வந்தது.

அவரைக் கூடத்தில் உட்கார வைத்து, “எத்தனை மாசம்?” என்று கேட்டேன்.

அவர் வேலையைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். “ரெண்டு மாசம் அத்தை. அதுக்குள்ள பிரிச்சுடுவோம்.”

“யாரோடது?”

“கம்பெனியோடதுதான்.”

என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. சிரிக்கவில்லை. ஒரு நம்பரைச் சுழற்றி என்னிடம் போனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் பேசியவர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், பாய்லர் ஓட்டுகிற அண்ணன். “அம்மா, பெரியக்கா பொம்பளை இல்லை. எங்க பாய்லர்” என்றார். நீராவி அழுத்தி இரும்புத் தகடு வயிறு மாதிரி உப்பிவிட்டதாம். அப்படியே ஓட்டினால் வெடித்து, பக்கத்தில் நிற்கிறவர்கள் மிஞ்ச மாட்டார்களாம். மேலே இருக்கிறவர்களிடம் சொல்ல எல்லோருக்கும் பயம். மாப்பிள்ளை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோதுதான் வாய் திறந்திருக்கிறார்கள்.

அதுதான் அவர் வேலை செய்கிற விதம். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் மேனேஜர் அறைக்குப் போக மாட்டார். இயந்திரத்தோடு நிற்கிறவர்கள் சொல்வதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே பச்சை அட்டை நோட்டில் எழுதுவார். ரிப்போர்ட் அப்புறம். அன்றைக்கு அந்தப் பெரியக்காவை நிறுத்தினார்கள். அந்த அண்ணன் இன்றைக்குப் பேரப்பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். இதைவிடப் பெரிய பட்டம் என் மாப்பிள்ளைக்கு யார் கொடுக்க முடியும்?

அன்றிலிருந்து பெட்டியோடு வாசல் இறங்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒன்று சொல்வார். “அத்தை, சந்தேகம் இருந்தா கேட்டுடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க.”

போன மாதம் ஊர் திரும்பும்போது, விமான நிலையத்து நாற்காலியிலேயே அவர் இதயம் நின்றுவிட்டது. அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டரை மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில் சொன்னார். நம்பிவிட்டேன்.

நம்ப முடியாதது வேறொன்று. அவர் பெட்டி முதலில் வந்து சேர்ந்தது; உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மாலை கொண்டுவரவில்லை. கம்ப்யூட்டரைக் கேட்டார்கள், கொடுத்தோம். நோட்டு ஏதாவது இருக்கிறதா பாட்டி, கம்பெனி சொத்து என்றார்கள். அந்தப் பச்சை நோட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் ஆறுதல் சொல்கிற சாக்கில் இரண்டு தடவை வந்து அலமாரியைப் பார்த்தார்கள். பெட்டியைச் சோதிக்கிற கண் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அவர் கடைசியாகப் போன தொழிற்சாலைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு ரிப்போர்ட் போயிருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒரு தம்பி அதைப் படம் பிடித்து என் பேத்திக்கு அனுப்பினார். பாய்லர் நல்ல நிலையில் இருக்கிறது, ஒரு வருஷம் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறது. கீழே மாப்பிள்ளை பெயர். தேதி, அவரை அடக்கம் செய்த மறுநாள்.

செத்தவர் ரிப்போர்ட் எழுதுவாரா?

பச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன், கேளுங்கள். “இங்கேயும் அடிவயிறு உப்பியிருக்கு. ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. மேனேஜருக்குப் போனில் சொல்லிவிட்டேன். பார்க்கலாம் என்றார்.”

எந்த மேனேஜர்? அதைத்தான் கேட்கிறேன், சார். எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள்.

அந்தப் பாய்லர் பக்கத்தில் ஒரு ஷிப்டுக்கு நாற்பது பேர் நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அவர் ஊர் ஊராக அலைந்தார். என் பேத்தி இயந்திரப் படிப்புப் படித்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர். இன்று காலை அவள் இந்த நோட்டை அரசாங்கப் பாய்லர் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டாள். இதோ நான் வாசித்தது நகல். மதியமே அவர் போன் செய்து அங்கே நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டார். இந்தக் கூட்டம் முடிந்ததும் அவளும் அவரோடு போகிறாள். அப்பாவின் பெட்டி வாசலில் தயாராக இருக்கிறது. புதுப் பச்சை நோட்டு ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். இனி அவள் எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் டீக்கடை பெஞ்சில்தான் உட்காருவாள். இது இந்தச் சபைக்கு எங்கள் வீடு கொடுக்கிற வாக்கு.

உங்களைத் தப்பாகச் சந்தேகப்பட்டேன் மாப்பிள்ளை. இந்தத் தடவை ஆள் தப்பவில்லை. மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.