காளான் தொப்பிக்கு வெள்ளைப் பொட்டு

பஞ்சை ரொம்ப அடைச்சா துணிக்காளான் நிக்காது மேடம், ஒரு பக்கமா சாஞ்சிடும். நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அதுல கொஞ்சம் கூடுதலாவே அடைச்சுட்டேன். டீயைக் குடிங்க, ஆறிடும். எல்லாத்தையும் சொல்லிடறேன். மறைச்சு மறைச்சு எனக்கும் அலுத்துப்போச்சு.

பக்கவாதத்துல என் தங்கச்சிக்கு வலது கை விழுந்ததும், அவ வீட்டுக்காரர்தான் இங்க கொண்டுவந்து விட்டார். பாவம், பகல் முழுக்க வேலைக்குப் போற மனுஷன். நானோ ஒண்டிக்கட்டை. அப்பாவைப் பாத்தேன், அம்மாவைப் பாத்தேன், ரெண்டு பேரும் போனப்பறம் இந்த வீட்டுச் சுவத்தோடதான் பேசிக்கிட்டிருந்தேன். 'விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்'னேன். குளிப்பாட்டறது, தலை பின்னறது, ஊட்டி விடறது, எல்லாம் நான்தான். இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பேனா, அவளையே கேளுங்க.

அப்பதான் கைக்குப் பயிற்சி குடுக்க நீங்க வர ஆரம்பிச்சீங்க. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னீங்க, தூக்கிப் போட்டா. காளான் தைக்கலாமான்னதும் சிரிச்சுட்டா. சிவப்பு ஃபெல்ட் துணியைத் தொப்பியா வெட்டி, வெள்ளைப் பொட்டு வர வேண்டிய இடத்துல சாக்பீஸால குறி வெச்சுக் குடுப்பீங்க. அந்தக் குறிமேல அவ வெள்ளை நூலால முடிச்சுப் போடணும். பஞ்சு அடைச்சு, தண்டு வெச்சு மூடறது என் வேலை. முடிஞ்சதை ஜன்னல்ல வரிசையா வைங்க, அதைப் பாத்தே கை எவ்வளவு தேறியிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்னீங்க. நல்ல ஏற்பாடுதான்.

முதல்ல முடிச்செல்லாம் குறியை விட்டு எங்கெங்கேயோ விழுந்துச்சு. அப்பறம் கிட்ட வந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் பாத்தா, எல்லாமே குறிமேலயே உக்காந்திருக்கு. 'அக்கா, கை வந்துடுச்சு. இனிமே நான் எங்க வீட்டுக்குப் போயிடலாம்'னா. முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு அவளை அனுப்ப இஷ்டமில்ல. அங்க போனா அடுப்படியே கதின்னு கிடந்து மறுபடி விழுந்துடுவா. அவ உடம்பை நினைச்சுத்தான் சொல்றேன். அவ போனா எனக்குத் திரும்பவும் அந்தச் சுவர்தான், அதுவும் இருந்துச்சு.

அவ தூங்கினதும் முடிச்சையெல்லாம் பிரிச்சேன். ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணினா ஊசி போன ஓட்டை மூடிக்கும். அப்பறம் இடது கையால கோணல்மாணலாப் போட்டேன். நல்லாத் தைக்கத் தெரிஞ்சவளுக்குக் கோணலாத் தைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல மேடம், பழக வேண்டியிருந்துச்சு.

மறுநாள் ஜன்னலைப் பாத்துட்டு, 'அக்கா, நேத்து நல்லா வந்துச்சே?'ன்னா.

'உனக்கு அப்படித் தோணுதும்மா. இந்த வியாதில அப்படித்தான் தோணுமாம்'னேன். தலையைத் தடவித்தான் சொன்னேன்.

அதுக்கப்பறம் ஒவ்வொரு முடிச்சுக்கும், 'இது குறிமேலயா இருக்கு?'ன்னு என்னையே கேட்டுக் கேட்டுத் தைச்சா. குறிமேலதான் இருக்கும். இல்லம்மான்னுடுவேன். அவ கண்ணையே அவ நம்பாம போயிட்டா. நீங்களும் ஜன்னலைப் பாத்து உதட்டைப் பிதுக்கினீங்க, இதுக்கு மேல தேறாது போலிருக்குன்னு வர்றதைக் குறைச்சுட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை.

ஒரு நாள் ஊசியைக் கீழ வெச்சுட்டு, 'விட்டுடலாம்க்கா'ன்னா. போர்வைக்குள்ள வெச்ச கையை அப்பறம் வெளியவே எடுக்கலை. விரல் மடங்கி, மடங்கினபடியே இறுகிப்போச்சு. இன்னிக்கு நீங்க பிரிச்சுவிடப் பாத்தீங்க, அவ போட்ட சத்தத்துக்கு எனக்கே மனசு கேக்கலை.

வேற யாருக்கோ காட்டணும்னு இந்தக் காளானை எடுத்தீங்க. பஞ்சு தாங்காம தையல் விட்டிருந்துச்சு, துணியோட உள்பக்கம் உங்க கண்ணுல பட்டுடுச்சு. மேல்பக்கம் மூடிக்கிட்ட ஓட்டை உள்பக்கம் அப்படியே இருக்கும்னு நான் யோசிக்கலை. உங்க குறி இருந்த இடத்துலயே, வரிசையா, ஒண்ணுகூடப் பிசகாம. என் தப்புன்னா பஞ்சைக் கூடுதலா அடைச்சதுதான்.

ஆமா, அவ கையை முடக்கினது நான்தான். அவ வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, யாரை வேணா கூப்பிடுங்க. ஆனா கொஞ்சம் இருங்க, உள்ளேர்ந்து அக்கான்னு கூப்பிடறா, பசிக்கும். ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாதவ. நான் ஒருத்தி இல்லாட்டி அவ கதி என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க.