தோட்டமே கிளம்பிப் போன சிங்கப்பூர்ச் சுற்றுலா

மலேசியாவிலிருந்து போய் ஒரே நாளில் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க முடியாது என்று சொல்கிறவர்கள், விவரம் தெரியாத தலைவரோடு போனவர்கள். நான் கூட்டிப்போனவர்கள் பார்த்தார்கள். கடலோரச் சிங்கத்தலைச் சிலை, அருங்காட்சியகம், சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு, எதுவும் விடுபடவில்லை. பஸ்ஸில் தலைசுற்றுகிறவர்களுக்கு இஞ்சி மிட்டாய்கூட வாங்கி வைத்திருந்தேன். இவ்வளவு செய்தவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, உங்களுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

பகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோயில் தலைவர் நான்தான். கோயில் தலைவர் என்றால் சாமிக்கு மட்டும் தலைவர் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது, எல்லாம் என் தலையில்தான் விழும். வருடா வருடம் போட்டியே இல்லாமல் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாருக்கும் அந்தத் தொல்லை வேண்டாம் என்பதுதான் விஷயம். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. மாற்று வீடு கட்டித் தந்தால்தான் லயத்து வீடுகளை விட்டு இறங்குவோம் என்று சனங்கள் பிடிவாதமாக நின்றார்கள். இடிக்கிற இயந்திரம் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். முதல் பாய் எப்போதும் ராமசாமியுடையது. பெண்டாட்டி செத்து, கடைசி வீட்டில் தனியாக இருந்த கிழவர். அந்த வயதில் தரையில் படுப்பது இடுப்புக்கு ஆகாது என்று நானே சொல்லிப் பார்த்தேன். இயந்திரம் ஓட்டுகிறவன் இறங்கி, பாலில்லாத தே ஓ ஒன்று குடித்துவிட்டு, வந்த வழியே போய்விடுவான்.

தோட்டத்தில் ஆளே இல்லாத ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று கம்பெனியில் வருத்தப்பட்டார்கள். சுற்றுலா என்று யோசனை சொன்னது நான். அவர்களுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. கட்டப்போகும் வீடுகளில் முனை வீடு ஒன்றை எனக்கு ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நான் கேட்டது நடு வீடுதான். அவர்களாக முனை வீடு என்றார்கள், மறுத்தால் மரியாதையாக இருக்காது.

அம்மன் பேரைச் சொல்லி, கோயில் செலவில் இலவசச் சுற்றுலா என்று அறிவித்தேன். அம்மனுக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவர்களை வேனில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தேன். படுத்த படுக்கையாக இருந்தவர்களைச் சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவரச் செய்தேன். இந்த நாட்டில் இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ராமசாமி விஷயம் மட்டும் சரிப்படவில்லை. அவர் இதே தோட்டத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் பிறப்புச் சூரா இல்லை, ஐசி அடையாள அட்டை இல்லை, பாஸ்போர்ட் எங்கிருந்து வரும்? முதுகு வளையும்வரை இங்கேதான் பால் வெட்டினார், ஆனால் அரசாங்கத்தைக் கேட்டால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இதையும் என் தலையில் எழுதிவிடாதீர்கள். அது உங்களுக்கு மேலே இருப்பவர்கள் செய்தது.

விடிவதற்குள் பஸ்கள் வந்துவிட்டன. ராமசாமிக்குத் தினமும் சோறு கொடுக்கிற பக்கத்து வீட்டுப் பச்சையம்மா மட்டும் ஏறாமல் நின்றாள்.

"ராமசாமி அண்ணன் எங்க தலைவரே? கதவு சாத்திக் கெடக்கு."

தெமியாங்கில் என் தங்கை வீட்டில் நேற்றே கொண்டுபோய் விட்டேன் என்றேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏறினாள். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அருங்காட்சியகத்தில் லயத்து வீட்டு அறை ஒன்றை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். பால் வாளி, மண்ணெண்ணெய் விளக்கு, சுவரில் சாமி படம். தொடக்கூடாது என்று பலகை வேறு. நம்ம வீடு மாதிரியே இருக்கு என்று பச்சையம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக் கூரையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கேயாவது ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சாப்பாட்டுக் கடையில் மீன் தலைக் கறி வந்து வைத்த நேரத்தில் ஷங்கர் போன் செய்தான். இடிக்கும் வேலைக்குக் கம்பெனி வைத்திருந்த மேற்பார்வையாளன். நல்ல பையன், கொஞ்சம் பயந்த சுபாவம். நான் கைகழுவும் இடத்துக்கு நகர்ந்தேன்.

"தலைவரே, கடைசி வீட்டுல உள்பக்கம் தாப்பா போட்டிருக்கு லா. தட்டினா சத்தமே இல்ல. உள்ள ஆள் இருக்கா?"

"பின்கதவு வழியா போயிருப்பாங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

"எனக்கு மனசு கேக்கல. போன ஸ்பீக்கர்ல போட்டு கதவுகிட்ட புடிக்கிறேன், ஒரு வார்த்த கூப்புடுங்க. ஆள் இருந்தா வரட்டும்."

"யாரும் இல்லன்னு சொல்றேன்ல. வேலையப் பாரு."

அவன் கேட்டான், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவனைப் போட்டு வதைக்காதீர்கள். நான் இலைக்குத் திரும்பியபோது கறி ஆறியிருந்தது. பச்சையம்மா ஒரு மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள், ராமசாமி அண்ணனுக்குப் பிடிக்குமாம். கட்டிக்கொள் என்று நான்தான் பை வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

இடிபாட்டுக்குள்ளிருந்து ராமசாமியை எடுத்ததிலிருந்து என் வீட்டுக்காரி என்னோடு பேசுவதில்லை. தோட்டத்துச் சனங்கள் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். சிங்கப்பூரில் எடுத்த படங்களை மட்டும் யாரும் அழித்த மாதிரித் தெரியவில்லை.

ராமசாமிக்குக் காது கேட்காதா என்று கேட்டீர்கள். நன்றாகக் கேட்கும். ஐசி இல்லாதவர் என்பதால், வெளியாள் கதவைத் தட்டினால் மூச்சுக்கூட விடமாட்டார். குடிநுழைவு அதிகாரிகள் வந்தால் உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், நான் வந்து கூப்பிட்டால் மட்டும் திறங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அன்று விடியற்காலையிலும் போய் அதையே சொன்னேன். இன்றைக்கு ரெய்டு இருக்கிறது என்றேன். நீங்க இருக்கீங்கல்ல தலைவரே என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்திருந்தால் பாயை எடுத்துக்கொண்டு நேராக இயந்திரத்துக்கு முன்னால் போய்ப் படுத்திருப்பார். ஒரு ஆள் படுத்தாலும் வேலை நின்றுவிடும்.

நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அவர் கதவைத் திறந்திருப்பாரே என்கிறீர்கள். திறந்திருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை.